டிரைஜெமினல் நரம்பை டிஃப்யூஷன் எம்ஆர்ஐயில் அளப்பது எப்படி? புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

முகத்துக்கு உணர்வு தரும் டிரைஜெமினல் நரம்பு, அதாவது ஐந்தாம் மூளை நரம்பு, மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலிருந்து பக்கவாட்டில் வெளிவருகிறது. மெக்கல் குகைக்குள் இருக்கும் நரம்பு முடிச்சை அடையும்வரை அது மூளைத் தண்டுவட நீருக்குள் மிதந்து செல்கிறது. இந்த மிதக்கும் துண்டின் நீளம் ஏறத்தாழ 1 செ.மீ., தடிமன் 2 முதல் 4 மி.மீ. வழக்கமான டிஃப்யூஷன் ஸ்கேனின் ஒரு வாக்சல், அதாவது முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம், 2 மி.மீ. கனசதுரம். ஆக, நரம்பின் குறுக்கே ஒன்றரை வாக்சல்தான் கிடைக்கும்; சுற்றிலும் நீர். இந்த வேலையின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த அளவுக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன. நரம்பு சிதைந்திருக்கிறது என்று எழுதுமுன், தெரிவது சிதைவா, வாக்சலுக்குள் புகுந்த நீரா என்று சொல்ல உங்களால் முடிய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

எதை அளக்கிறோம்

திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அலைகின்றன. நரம்பிழைகள் வரிசையாக ஓடும் இடத்தில் இழையின் நீளவாக்கில் அவை எளிதாக நகரும். குறுக்கே, இழையைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறையும் இழைச் சுவரும் தடுக்கும். பல திசைகளில் கிரேடியன்ட் காந்தப்புலத்தைச் செலுத்தி இந்த வேறுபாட்டை அளந்து, ஒவ்வொரு வாக்சலுக்கும் ஒரு நீள்வட்ட வடிவத்தைப் பொருத்துவதே டிஃப்யூஷன் டென்சர் முறை. பாஸர், மாட்டியெல்லோ, லே பிஹான் ஆகியோர் 1994-இல் இதை முன்வைத்தனர். அதிலிருந்து நான்கு எண்கள் கிடைக்கும். நகர்வு எந்த அளவுக்கு ஒரே திசையில் குவிந்திருக்கிறது என்பதை எஃப்ஏ காட்டும். அது 0 முதல் 1 வரை இருக்கும். மொத்த நகர்வின் சராசரி எம்டி, நீளவாக்கு நகர்வு ஏடி, குறுக்குவாக்கு நகர்வு ஆர்டி. நான்கும் ஒரே மூன்று எண்களிலிருந்து, அதாவது அந்த வடிவத்தின் மூன்று அச்சுகளின் அளவுகளிலிருந்து, கணக்கிடப்படுபவை. ஆகவே நான்கும் மாறியிருந்தால் நான்கு தனிச் சான்றுகள் கிடைத்துவிட்டதாக எண்ணக் கூடாது.

யாரை ஸ்கேன் செய்கிறோம்

டிரைஜெமினல் நியூரால்ஜியாவை மருத்துவர் நோயாளியின் சொற்களிலிருந்தே கண்டறிகிறார். மின்னதிர்ச்சி போன்ற வலி, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், நொடிப்பொழுது முதல் 2 நிமிடம்வரை. பல் துலக்குவது, மெல்லுவது, முகத்தில் காற்றுப் படுவது போன்ற சாதாரணச் செயல்களே அதைத் தூண்டும். டிஃப்யூஷன் ஸ்கேன் இந்த நோயறிதலைச் செய்வதில்லை. அது குழுக்களை ஒப்பிடவும், ஒரே நரம்பைக் காலப்போக்கில் பின்தொடரவும் உதவும் ஆய்வுக் கருவி. ஒரே ஒரு நோயாளியின் எஃப்ஏ எண்ணை வைத்து அவருக்கு எதையும் சொல்லிவிடாதீர்கள்.

சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு (2018) இந்நோயை மூன்றாகப் பிரிக்கிறது. ரத்தக்குழாய் அழுத்தி நரம்பு மெலிந்தோ இடம்பெயர்ந்தோ இருந்தால் அது கிளாசிக்கல் வகை. பெரும்பாலும் அழுத்துவது மேல் சிறுமூளைத் தமனி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், கட்டி போன்ற காரணம் இருந்தால் இரண்டாம்நிலை வகை. எதுவும் தெரியாவிட்டால் இடியோபதிக் வகை. ரத்தக்குழாய் நரம்பைத் தொட்டிருப்பது வலியே இல்லாதவர்களிடமும் சாதாரணமாகக் காணப்படுவது. எனவே தொடுகையை மட்டும் வைத்து ஒருவரைக் கிளாசிக்கல் பட்டியலில் சேர்க்காதீர்கள். மூன்று வகையையும் ஒரே குழுவாகக் கலந்தால், கிடைக்கும் சராசரி எந்த வகையையும் குறிக்காது.

முன்பு காமா நைஃப் (கதிர்வீச்சுச் சிகிச்சை), பலூன் அழுத்தம், கிளிசரால் ஊசி, ரேடியோ அதிர்வெண் சூடேற்றல் ஆகியவற்றில் எதையாவது செய்துகொண்டவர்களைத் தனியே வையுங்கள். இவை நரம்பை வேண்டுமென்றே காயப்படுத்தும் சிகிச்சைகள். அங்கே எஃப்ஏ குறைந்திருந்தால் அது நோயின் தடயமா சிகிச்சையின் தடயமா என்று பின்னால் பிரிக்க முடியாது. வயது, எந்தப் பக்கம், எந்தக் கிளை, எத்தனை ஆண்டு வலி, வலி மருந்தான கார்பமசெபின் அல்லது ஆக்ஸ்கார்பசெபினின் அளவு ஆகியவற்றை ஸ்கேன் நாளிலேயே எழுதி வையுங்கள்.

ஸ்கேன் அறையில்

இந்த நோயாளிகளுக்கு முகத்தைத் தொடுவதே வலியைக் கிளப்பும். தலை அசையாமல் இருக்க வழக்கமாகக் கன்னத்தோரம் திணிக்கும் பஞ்சுத் திண்டு, காதுக்குள் அழுத்தும் அடைப்பான், முகத்துக்கு நேரே ஊதும் ஸ்கேனரின் காற்று விசிறி ஆகிய மூன்றும் தூண்டுகோல்களே. எந்த இடம் தொட்டால் வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். திண்டை அந்த இடத்தைத் தவிர்த்து நெற்றியோரத்திலும் பின்னந்தலையிலும் வையுங்கள். காது அடைப்பானை அவரே பொருத்திக்கொள்ளட்டும். விசிறியை அணைத்துவிடுங்கள். அவசர அழைப்புப் பந்து கையில் இருக்க வேண்டும். அதை அழுத்தினால் உடனே நிறுத்துவோம் என்பதை அவர் நம்ப வேண்டும். ஸ்கேனுக்காக வலி மருந்தை நிறுத்தச் சொல்லக் கூடாது. மாறாக, மருந்தின் வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஸ்கேனை வைத்துக்கொண்டால் அவருக்கும் நிம்மதி, படத்திலும் அசைவு குறையும்.

டிஃப்யூஷன் வரிசையை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். 30 நிமிடம் படுத்த பிறகு யாராலும் விழுங்காமல், தாடையை அசைக்காமல் இருக்க முடியாது. உலோகப் பற்கம்பி, பல் உள்வைப்பு இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். படச் சிதைவுக்கு அவையும் காரணமாகும். வலது நெற்றியோரத்தில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். எம்ஆர்ஐயில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இடம் வலம் மாறிப்போகும் ஆபத்து மென்பொருள்களில் எப்போதும் உண்டு. வலிக்கும் பக்கமும் வலிக்காத பக்கமும் மாறிவிட்டால் முழு ஆய்வும் தலைகீழாகிவிடும்.

ஸ்கேன் அமைப்பு

3 டெஸ்லா கருவி, 32 சேனல் தலைக் காயில் (சிக்னலைப் பெறும் சுருள்). முழு மூளையும் வேண்டுமென்றால் 2 மி.மீ. கனசதுர வாக்சல், நரம்பு மட்டும் போதுமென்றால் பான்ஸைச் சுற்றிய குறுகிய பகுதி, 1.5 மி.மீ. கனசதுரம். 3 மி.மீ. தடிமனுள்ள பிளவுகள் (படத்தின் குறுக்கு அடுக்குகள், ஸ்லைஸ்) எடுத்தால் சிக்னல் பெருகும், ஆனால் நரம்பின் மேலும் கீழும் உள்ள நீர் வாக்சலுக்குள் வந்துவிடும். பி-மதிப்பு (கிரேடியன்ட் எவ்வளவு வலுவாகச் செலுத்தப்படுகிறது என்பதைக் காட்டும் எண்) 1000, 60 முதல் 64 திசைகள், கிரேடியன்ட் இல்லாத பி-0 படங்கள் 8. டிஆர், அதாவது ஒரு படத்துக்கு ஆகும் நேரம், 8 நொடி என்றால் 64-ம் 8-ம் சேர்ந்து 72 படங்களுக்கு 9 நிமிடம் 36 நொடி ஆகும். பி-0 படங்களை எல்லாம் முதலிலேயே எடுத்து முடிக்காமல், இடையிடையே பரப்பி வையுங்கள். அசைவைத் திருத்த அவை நங்கூரமாக இருக்கும்.

நீர்க் கலப்பைப் பின்னால் கணக்கிட்டுக் கழிக்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு பி-மதிப்பையும் (500 அல்லது 2000) இப்போதே சேருங்கள். ஒரே பி-மதிப்பில் நீரையும் திசுவையும் பிரிக்கும் கணக்கு, ஊகங்களின் மேல்தான் நிற்கிறது.

மறக்கவே கூடாதது, எதிர்த்திசைப் பி-0. டிஃப்யூஷன் படங்கள் இபிஐ (எக்கோ பிளானர் இமேஜிங்) என்ற வேக முறையில் நொடிப்பொழுதில் எடுக்கப்படுபவை. காற்றும் எலும்பும் சந்திக்கும் இடங்களில் அவை இழுபட்டுச் சிதையும். டிரைஜெமினல் நரம்போ பொட்டெலும்பின் பாறைப்பகுதி முனைக்கும் ஸ்பீனாய்டு காற்றறைக்கும் பக்கத்தில்தான் இருக்கிறது. முன்-பின் திசையில் முழு வரிசையையும், பின்-முன் திசையில் சில பி-0 படங்களையும் எடுத்தால் சிதைவைக் கணக்கிட்டுத் திருத்தலாம். ஒரு நிமிடம்கூட ஆகாத இந்தப் படம் இல்லாததால் வீணான தரவுகள் ஏராளம். இபிஐயின் வாசிப்பைத் துண்டுகளாகப் பிரிக்கும் முறையோ, சிறு பகுதியை மட்டும் படமெடுக்கும் முறையோ உங்கள் ஸ்கேனரில் இருந்தால் பயன்படுத்துங்கள். சிதைவு கணிசமாகக் குறையும், நேரம்தான் கூடும்.

நரம்பின் உருவத்தைப் பார்க்க 0.5 முதல் 0.6 மி.மீ. நுணுக்கமுள்ள முப்பரிமாண டி2 வகைப் படம் (சிஸ், ஃபியஸ்டா என்று கருவிக்கேற்பப் பெயர் மாறும்), ரத்தக்குழாய்க்கு டைம் ஆஃப் ஃப்ளைட் ஆஞ்சியோ, 1 மி.மீ. டி1 படம் ஆகிய மூன்றும் தேவை.

ஒரு மறைவான பொறி: சில ஸ்கேனர்கள் 128 × 128 அளவில் எடுத்த மூலத் தரவின் ஓரங்களில் பூச்சியங்களை நிரப்பி 256 × 256 ஆகப் பெருக்கித் தருகின்றன. கோப்பில் வாக்சல் 0.94 மி.மீ. என்று தெரியும், உண்மையில் அளந்தது 1.88 மி.மீ. இந்தப் பெருக்கலை முதலிலேயே அணைத்துவிடச் சொல்லுங்கள். ஏன் என்பது அடுத்த பகுதியில் தெரியும்.

தரவைத் திருத்துவது

வரிசை மாறக் கூடாது. முதலில் இரைச்சல் நீக்கம், பிறகு கிப்ஸ் அலை நீக்கம் (இரண்டும் எம்ஆர்டிரிக்ஸ் மென்பொருளில் உண்டு), பிறகு எஃப்எஸ்எல் மென்பொருளின் டாப்அப் (படச் சிதைவைக் கணக்கிடுவது), எடி (அசைவையும் சிதைவையும் திருத்துவது). இரைச்சல் நீக்கும் கணக்கு, ஒவ்வொரு வாக்சலின் இரைச்சலும் பக்கத்து வாக்சலைச் சாராதது என்று நம்பித்தான் இயங்குகிறது. பெருக்கிய தரவிலும், ஏற்கெனவே நகர்த்தித் திருத்திய தரவிலும் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். கருவி பிழை எதுவும் காட்டாமல் தப்பான விடையைத் தரும் என்பதுதான் இதில் ஆபத்து.

கிப்ஸ் அலையை இந்த நரம்பில் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி-0 படத்தில் நீர் பளிச்சென்று வெண்மை, நரம்பு சாம்பல். இந்தக் கூர்மையான விளிம்பை ஒட்டி வெள்ளையும் கறுப்புமாக அலைகள் எழும். மெல்லிய நரம்பின் முழுத் தடிமனையும் ஒரு கறுப்பு அலை மூடிவிடலாம். அப்போது பி-0 மதிப்பு குறைந்து, எஃப்ஏ 1-ஐத் தாண்டும் அல்லது டென்சரின் எண்களில் ஒன்று எதிர்மறையாக வரும். இப்படிப்பட்ட வாக்சல்களைப் பார்த்தால் அவற்றை வெட்டி எறிவதோடு நிற்காமல், காரணம் கிப்ஸ் அலையா படங்களுக்கிடையே இடப்பிசகா என்று தேடுங்கள்.

டாப்அப் ஓட்டும்போது தொடங்குவோர் தடுக்கி விழும் இடம், பிளவுகளின் எண்ணிக்கை. அதன் இயல்பான அமைப்புக் கோப்பு படத்தை இரண்டால் வகுத்துச் சிறிதாக்குவதால், ஒற்றைப்படையில் பிளவுகள் இருந்தால் நின்றுவிடும். ஸ்கேனிலேயே இரட்டைப்படையாக வைத்துவிட்டால் தொல்லை இல்லை. எடி முடிந்ததும், தலை அசைவுக்கேற்பச் சுழற்றி அது எழுதித்தரும் கிரேடியன்ட் திசைக் கோப்பைத்தான் அடுத்த கணக்குக்குக் கொடுக்க வேண்டும், பழைய கோப்பை அல்ல.

மூளைத்தண்டு ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் அசைகிறது. அதனால் சில படங்களில் சில பிளவுகள் மட்டும் இருண்டுபோகும். எடியில் இத்தகைய பிளவுகளைக் கண்டு மாற்றும் வசதி உண்டு, அதை இயக்குங்கள். ஆனாலும் 72 படங்களையும் பான்ஸ் மட்டத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள். விரலில் மாட்டும் துடிப்புமானியோடு இணைத்து ஸ்கேன் செய்தால் இச்சிக்கல் பெரிதும் தணியும். அதற்கு விலை, கூடுதல் நேரம்.

டென்சர் கணக்கிட்டதும் மூன்று சோதனைகள். மூளைக்குள் நீர் நிறைந்த அறையான பக்க வென்ட்ரிக்கிளின் நடுவில் எம்டி 3 × 10⁻³ ச.மி.மீ./நொடிக்கு அருகில் இருக்க வேண்டும். இல்லையேல் பி-மதிப்புக் கோப்பிலோ அலகிலோ பிழை. இழைத் திசையை நிறத்தால் காட்டும் வண்ணப்படத்தில், மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் நடுப்பகுதி சிவப்பாகவும் (இடம்-வலம்), டிரைஜெமினல் நரம்பு பச்சையாகவும் (முன்-பின்) தெரிய வேண்டும். கடைசியாக, திசைக் கோடுகளைப் படத்தின் மேல் போட்டு, கார்பஸ் கலோசம் முன்புறம் வளையும் இடத்தில் கோடுகளும் கூடவே வளைகின்றனவா என்று பாருங்கள். ஓர் அச்சு தலைகீழாக இருந்தால் வண்ணம் சரியாகவே தெரியும், கோடு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

நரம்பைக் குறிப்பது

முழு மூளை ஆய்வுகளில் வழக்கமான டிபிஎஸ்எஸ் போன்ற முறைகள் இங்கே உதவாது. அவற்றின் வார்ப்பு மூளையில் நீரில் மிதக்கும் இந்த நரம்பே இல்லை. படத்தை மழுக்குவதும் கூடாது. அது நீரை நரம்புக்குள் நாமே ஊற்றும் வேலை. கையால்தான் குறிக்க வேண்டும்.

நுணுக்கமான டி2 படத்தைப் பி-0 படத்தோடு பொருத்துங்கள். இரண்டிலும் நீர் வெண்மை என்பதால் பொருத்தம் நன்றாக அமையும். மூளைத்தண்டுப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, நகர்வும் சுழற்சியும் மட்டுமுள்ள ஆறு அளவுருப் பொருத்தத்தைச் செய்யுங்கள். இதில் நகர்த்த வேண்டியது டி2 படத்தைத்தான். டிஃப்யூஷன் தரவை மீண்டும் இடைமதிப்பிட்டால் ஏற்கெனவே குறைவாக உள்ள நுணுக்கம் இன்னும் குறையும். இனி டி2 படத்தில் நரம்பின் நடுக்கோட்டைப் பின்பற்றி, அதன் மேல் விழும் வாக்சல்களை மட்டும் குறியுங்கள். எஃப்ஏ படத்தைப் பார்த்துக் குறிக்காதீர்கள். பளிச்சென்ற வாக்சல்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு எஃப்ஏ எவ்வளவு என்று கேட்பது, விடையை முன்பே எழுதிவைத்துக் கணக்குப் போடுவதாகும். நோயுற்ற நரம்பில் எஃப்ஏ குறைந்த இடங்கள்தான் முக்கியம். இம்முறையில் அவையே தவறிவிடும்.

நரம்பை மூன்றாகப் பிரித்துக் குறியுங்கள்: பான்ஸை ஒட்டிய வேர் நுழைவுப் பகுதி, நடுப்பகுதி, மெக்கல் குகைக்கு முந்திய பகுதி. வேர் நுழைவுப் பகுதியில்தான் மூளைவகை மயலின் முடிந்து புறநரம்பு வகை மயலின் தொடங்குகிறது. ரத்தக்குழாய் அழுத்தத்துக்கு மிக எளிதில் ஆளாகும் இடம் அதுதான். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவர்களிடம் பாதிப்பு பான்ஸுக்குள் ஓடும் பாதையில் இருக்கக்கூடும் என்பதால் அந்தத் துண்டையும் சேருங்கள். ஆனால் பான்ஸுக்குள் குறுக்கிழைகள் இந்தப் பாதையை வெட்டிச் செல்கின்றன; ஒரே டென்சரால் இரண்டு திசைகளைக் காட்ட முடியாது. அங்கே இழைகளைப் பின்தொடர வேண்டுமென்றால் பல இழைத் திசைகளைக் கையாளும் கணக்கு முறைக்கு மாற வேண்டும்.

குறிப்பவருக்கு வலிக்கும் பக்கம் எது என்று தெரியக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியே குறித்து, இடைவெளி விட்டு ஒருவர் மீண்டும் குறித்து, ஒத்துப்போகும் அளவைக் கணக்கிடுங்கள். இவ்வளவு சிறிய உறுப்பில் ஒரு வாக்சல் தள்ளிப்போனாலும் விடை மாறும்.

நீர் எவ்வளவு ஏமாற்றும்

நரம்பின் எம்டி 0.8 × 10⁻³ என்று வைத்துக்கொள்வோம், நீருக்கு 3 × 10⁻³. பி-மதிப்பு 1000-இல் நரம்பின் சிக்னல் 0.45 ஆகக் குறையும், நீரின் சிக்னல் 0.05 ஆகக் குறையும். பி-0 சிக்னலில் 30 விழுக்காடு நீரிலிருந்து வரும் ஒரு வாக்சலில் மிஞ்சுவது 0.7 × 0.45 + 0.3 × 0.05, அதாவது 0.33. இதிலிருந்து கிடைக்கும் எம்டி 1.11 × 10⁻³. நரம்புக்கு எதுவும் ஆகவில்லை, ஆனாலும் எம்டி ஏறக்குறைய 40 விழுக்காடு கூடிவிட்டது. எஃப்ஏ குறையும், ஆர்டி கூடும். சிதைவின் அடையாளமாக ஆய்வுகள் எழுதும் அதே கோலம் இது. டி2 சார்ந்த படத்தில் நீர் நரம்பைவிடப் பளிச்சென்று இருப்பதால், வாக்சலின் கன அளவில் 30 விழுக்காட்டுக்கும் குறைவான நீரே இதற்குப் போதும்.

இதைவிடக் கவலை தருவது, பாதிக்கப்பட்ட நரம்பு மெலிந்திருக்கும் என்பது. மெலிந்தால் வாக்சலில் நீரின் பங்கு கூடும். ஆகவே வலிக்கும் பக்கத்தில் எஃப்ஏ குறைந்திருப்பது மெலிவை மட்டுமே காட்டக்கூடும். இதைப் பிரிக்க நான்கு வழிகள் உண்டு. டி2 படத்தில் இரு நரம்புகளின் குறுக்குப் பரப்பை அளந்து புள்ளியியல் கணக்கில் சேர்ப்பது கட்டாயம். நடுக்கோட்டு வாக்சல்களை மட்டும் வைத்து முழுக் கணக்கையும் மீண்டும் செய்து பார்க்கலாம். இரண்டு பி-மதிப்புகள் இருந்தால் கட்டற்ற நீரைக் கழிக்கும் மாதிரியைப் பொருத்தலாம். நீரின் சிக்னலை ஸ்கேனிலேயே அடக்கும் ஃப்ளேர் வகை டிஃப்யூஷனும் உண்டு. அதில் சிக்னலும் நேரமும் மிகவும் செலவாகும். நான்கிலும் வேறுபாடு நிலைத்தால் நரம்புக்குள் ஏதோ மாறியிருக்கிறது என்று துணிந்து எழுதலாம்.

எண்களைப் படிப்பது

டொரண்டோவில் மொஜ்கான் ஹோடாயி குழுவும் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்களும் உட்படப் பலர், வலிக்கும் பக்க நரம்பில் எஃப்ஏ குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆர்டி கூடினால் மயலின் போய்விட்டது, ஏடி மாறினால் இழை முறிந்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதும் வழக்கம் இதனோடு சேர்ந்தே பரவியது. இந்த எண்ணத்துக்கு வேர், மயலின் உருவாகாத ஷிவரர் எலிகளில் ஏடி மாறாமல் ஆர்டி மட்டும் கூடியதைக் காட்டிய 2002-ஆம் ஆண்டு ஆய்வு. எலியின் மூளையில் நடந்தது, நீரில் மிதக்கும் மனித நரம்பில் அப்படியே நடக்கும் என்று கொள்ள முடியாது. வீக்கம், நீர்க் கலப்பு, இழைகள் விரிந்து பரவுவது, இரைச்சல் எல்லாமே ஆர்டியை மாற்றும். 'மயலின் இழப்போடு பொருந்துகிறது' என்பதற்கு மேல் போகாதீர்கள்.

வலிக்காத பக்கத்தை நலமான நரம்பு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ரத்தக்குழாய் அங்கேயும் தொட்டிருக்கலாம், மருந்து இரு பக்கத்துக்கும் பொது. வயதும் பாலினமும் ஒத்த நலமானவர்களையும் அதே ஸ்கேனரில், அதே அமைப்பில் எடுங்கள். வேறொரு கட்டுரையின் எஃப்ஏ எண்ணோடு உங்கள் எண்ணை நேராக ஒப்பிடுவதில் பொருளில்லை. வாக்சல் அளவு மாறினாலே எண் மாறும். புள்ளியியலில் எண்ணிக்கை என்பது ஆட்களின் எண்ணிக்கை, வாக்சல்களின் எண்ணிக்கை அல்ல. எந்தப் பகுதி, எந்த எண் முதன்மை என்பதைத் தரவைத் திறக்குமுன் எழுதி வையுங்கள்.

சிகிச்சைக்குப் பின் மீண்டும் அளப்பது

இந்த முறையின் பலம் இங்கேதான் நன்றாக வெளிப்படுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு நரம்பும் தனக்குத் தானே ஒப்பீடாகிறது. காமா நைஃப் கதிர் பட்ட இடத்தில் எஃப்ஏ குறுகிய ஒரு பகுதியில் மட்டும் சரிவதை அளக்க முடியும். கதிர்த் திட்டத்தின் இலக்குப் புள்ளியை உங்கள் படத்தோடு பொருத்திவைத்தால் குறிக்கும் இடமும் தெளிவாகிவிடும். அழுத்தும் ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கும் மைக்ரோவாஸ்குலர் டிகம்ப்ரஷன் அறுவைக்குப் பின் நிலைமை வேறு. நரம்பும் தமனியும் இடம் மாறியிருக்கும், நடுவே டெஃப்லான் பஞ்சு இருக்கும், சுற்றியுள்ள நீரின் அளவும் மாறியிருக்கும். பழைய குறிகளை அப்படியே புதிய படத்தில் வைக்காமல், புதிய டி2 படத்திலிருந்து மீண்டும் குறியுங்கள். குறுக்குப் பரப்பையும் மீண்டும் அளங்கள். இடையில் ஸ்கேனரின் மென்பொருளோ காயிலோ மாற்றப்பட்டால் அந்தத் தேதியைக் கோப்பில் பதிந்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் நலமான ஒரு சிலரை ஸ்கேன் செய்துவிடுங்கள். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், கருவியால் வந்த வேறுபாட்டைச் சிகிச்சையின் பலனாக எழுதிவிட நேரும்.